பந்தயத் தடமும் இயந்திர எண்ணெயும்

நம் கல்லூரிப் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியிலே கம்பனையும் வள்ளுவனையும் எதிர்நோக்கி ஏடு புரட்டும் அன்பர்கள், மோட்டார் எண்ணெயைப்பற்றி ஒரு வியாசத்தைக் கண்டு முகஞ்சுளிக்கக் கூடும். அவர்கள் பொறுத்தருள்வாராக. வேலூரினின்றும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களினின்றும் நம் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் வண்டிகளை ஓட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திற்குச் சென்று வருவது இக்காலத்தில் அரிதன்று. போட்டியிட்டுப் பரிசு பெறுதற்கன்று. கட்டணஞ் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, சில நாழிகை தம் வண்டியை இயன்ற வேகத்தில் ஓட்டிப் பார்த்தற்கே செல்கின்றனர். பொதுச் சாலையில் வேகத்தைக் காட்டி வழிப்போக்கர் உயிருக்கு உலைவைப்பதினும் இஃது எத்துணையோ மேலென்பது நம் கருத்து. ஆதலின் அவர்களைத் தடுப்பது நம் நோக்கமன்று. ஆனால் தடத்திற்குப் போகும் வண்டிக்கு எண்ணெய் தேர்வதிலும் மாற்றுவதிலும் நம்மவர் இருவகைப் பிழை செய்கின்றனர். ஒரு சாரார் சாலைக் கணக்கையே தடத்திற்கும் வைத்து எண்ணெயை மறந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் அச்சத்தினால் தொட்டதற்கெல்லாம் எண்ணெயை வடித்துக் கொட்டுகின்றனர். கொட்டிய எண்ணெய் எங்கே போகின்றதென்று இரு சாராரும் கேட்பதில்லை. பாலாற்றங்கரையில் வாழ்பவர் இக்கேள்வியைக் கேளாதிருத்தல் தகுமா என்பதே நம்மை எழுதத் தூண்டியது.

தடத்தைப்பற்றி அறியாதார்க்கு ஒரு வார்த்தை. 1953-இல் தொடங்கப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தினின்றும் எஞ்சிய விமான ஓடுதளத்திலே நெடுங்காலம் பந்தயம் நடத்தி வந்தனர். பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தமக்கென ஒரு தடம் அமைத்தனர். அது 1990-இல் திறக்கப்பெற்றது. சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 3.7 கி.மீ. வேலூரில் பெங்களூர்-சென்னை நெடுஞ்சாலையில் ஏறினால் 100 கி.மீ. அளவில் அதனை அடையலாம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருவிலேயே இராப்பந்தயம் நடந்தபின், இளைஞரிடை இவ்வார்வம் இன்னும் பெருகியதைக் கண்கூடாகக் காண்கின்றோம்.

இயந்திரத்தில் எண்ணெய் செய்யும் தொழில் வழுவழுப்பு மட்டுமே என்று எண்ணுவார் பலர். நம் பாட்டனார் காலத்து மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோற் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மசகிட்டனரே, அங்கே அவ்வளவுதான் வேலை. மோட்டார் இயந்திரத்திலோ, கிராங்க் தண்டானது பேரிங்கின் உலோகத்தைத் தீண்டாமல், மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கின்றது. அப்படலம் அறுந்தால் உலோகத்தை உலோகம் தின்னும். அன்றியும் குளிர்நீர் சென்று தொடமாட்டாத பிஸ்டன் அடிப்புறம் முதலிய இடங்களின் வெப்பத்தைச் சுமந்து வருவதும், எரிந்த கரியையும் அமிலத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்வதும் எண்ணெயே. பத்துக் கன்னிகைகளின் உவமையைச் சிற்றாலயத்தில் கேளாதார் நம்மிடை இரார். அங்கே எண்ணெய் இல்லாதார்க்கு நேர்ந்த கதியே சொல்லப்படுகின்றது. எண்ணெய் இருந்தும் அது வேளைக்கு உதவாத எண்ணெயாயிருந்தால் என்ன ஆகும் என்பதை மோட்டார்க்காரரே அறிவர்.

சாலையிற் செல்லுங்கால் தொட்டியிலுள்ள எண்ணெய் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். தடத்திலோ, எண்ணெய்க்கெனத் தனிக் குளிர்விப்பான் இல்லாத வண்டியில், சில சுற்றுக்குள்ளாகவே 130 டிகிரியைத் தொடக்கூடும். அதற்கு மேலும் ஏறும். பேரிங்கிற்குள் இன்னும் மிகுதி. சூடேற ஏற எண்ணெய் நீர்த்துப்போம். 100 டிகிரியில் 14 அலகு பாகுத்தன்மையுடைய எண்ணெய், 150 டிகிரியில் 5 அல்லது 6 அலகாக இளகிவிடும். கடையில் கைவிரலிடையே தேய்த்துப் பார்த்து 'நல்ல கெட்டி எண்ணெய்' என்று சொல்வதில் யாதும் பொருளில்லை.

இதனை நம் ஊராருக்கு விளக்குவது எளிது. குரோம் பதனிட்ட தோலைத் தேர்பவர் கையால் தடவிப் பார்ப்பதோடு அமைவதில்லை; ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் சில நிமிஷம் இட்டு, சுருங்குகின்றதா என்று பார்ப்பர். ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோல் 80 டிகிரி அளவிலேயே சுருண்டுபோம். செம்மையாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீருக்கும் அசையாது. அதுபற்றி ஆவாரந்தோல் தாழ்ந்ததென்று எவரும் சொல்லார். அதற்குரிய வேலை வேறு. எண்ணெய்க்கும் இத்தகைய கொதிநீர்ச் சோதனை ஒன்றுண்டு. 150 டிகிரி வெப்பத்தில், கடும் உரசலுக்கிடையே, பாகுத்தன்மை எவ்வளவு நிலைத்து நிற்கின்றதென அளப்பதே அது, எச்.டி.எச்.எஸ். என்ற நான்கெழுத்தால் அதைக் குறிப்பர். 1911 முதல் எண்ணெய்களை எண்ணிட்டு வகுத்துவரும் எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தார் இதற்குக் குறைந்த வரம்பு விதித்துள்ளனர். 20 என்று முடியும் எண்ணெய்க்கு 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5, 50-க்கு 3.7. டப்பாவின்மேல் வரைந்த பந்தய வண்டியின் படத்தைப் பார்ப்பதை விட்டு, உற்பத்தியாளர் வெளியிடும் குணவிவரத் தாளில் இவ்வொரு எண்ணைத் தேடிப் பார்க்கும்படி நம் இளைஞரை வேண்டுகின்றோம்.

'வேலூர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் தாங்கும். 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்' என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம் பக்கத்தில் மிகுதி. அவர்கள் கைத்திறனை நாம் மதிக்கின்றோம். இந்தக் கூற்றை மட்டும் ஏற்கமாட்டோம். நம் கோடை 40 டிகிரியைத் தாண்டுவது மெய்யே. ஆயினும் இயந்திரத்தின் நீரைத் தெர்மோஸ்டாட் என்னும் கருவி 90 டிகிரி அளவில் நிறுத்திக்கொள்ளும். வீதியில் வெயிலடித்தால் என்ன, மழை பெய்தால் என்ன? எண்ணெயை வாட்டுவது வேலூர்ச் சூரியனன்று, நம் வலக்காலே. புதிய வண்டிகளின் பேரிங் இடைவெளி மிகக் குறுகலாதலின், அளவுக்கு மீறிய கெட்டி எண்ணெய் உட்புகத் தாமதிக்கும். தன்னைத்தானே கடைந்து வீண் வெப்பத்தையும் உண்டாக்கும். வண்டியோடு தரும் கைப்புத்தகத்தில் இன்னின்ன எண் ஆகுமென்று ஒரு வரிசை அச்சிட்டிருப்பர். சாலைக்கு அவ்வரிசையின் இளகிய முனையும், தடத்திற்கு அதன் கெட்டி முனையும் தக்கவை. 5டபிள்யூ-30 ஊற்றும் வண்டிக்குப் புத்தகம் இடங்கொடுப்பின் 40 ஊற்றலாம். புத்தகம் 20 ஒன்றையே சொல்லுமாயின், அவ்வண்டி தடத்திற்கு ஏற்றதுதானா என்பதையே முதலில் ஆராயவேண்டும்.

டபிள்யூவிற்கு முன்னுள்ள எண் குளிர்காலத்தில் இயந்திரம் தொடங்குதலைப் பற்றியது. பனி பெய்யும் நாட்டாருக்கு அது பெரிது. ஏலகிரி மலைமேல் மார்கழி விடியலிற்கூட நமக்கு அஃதொரு பொருட்டன்று. இரு எண்ணுக்கும் இடைவெளி மிக அகன்ற எண்ணெயில், பாகுத்தன்மையைத் தாங்க நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பெரும்பாலும் அதிகமாகச் சேர்ப்பர். தடத்தின் உரசலில் அச்சங்கிலிகள் அறுந்து, 40 என்று வாங்கிய எண்ணெய் 30 போல் நடக்கத் தொடங்கும். ஆகவே நம் நாட்டுத் தட்பவெப்பத்தில், புத்தகம் அனுமதித்தால், 0டபிள்யூ-40 என்பதினும் 10டபிள்யூ-40 குறைந்ததன்று என்பது எம் அபிப்பிராயம். விலையும் குறைவு.

'ரேசிங்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டதெல்லாம் நமக்கு ஆகாது. போட்டி வண்டிகளுக்கே செய்யப்பெற்ற சில எண்ணெய்களில் அழுக்கை அடக்கும் மருந்து குறைவு, பாஸ்பரஸ் மிகுதி; அவற்றை ஊற்றிக்கொண்டு தினந்தோறும் கல்லூரிக்கு வந்து போவோர் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியைக் கெடுத்துக்கொள்வர். இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. லண்டனில் 1899-இல் வேக்பீல்டு என்பவர் தொடங்கிய எண்ணெய் வியாபாரத்தில் 1909-இல் தோன்றிய காஸ்ட்ரால் என்னும் பெயர், ஆமணக்கெண்ணெய்க்குரிய ஆங்கிலச் சொல்லினின்றும் பிறந்தது. அக்காலத்து விமானங்களும் பந்தய வண்டிகளும் விளக்கெண்ணெயாலேயே ஓடின. சூட்டுக்கு நன்றாக நிற்கும், ஆனால் விரைவில் பிசினாய்ப் படியும். நம் தோற்சாலைகளிலும் கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்திய ஆமணக்கெண்ணெயைத் தோலை மென்மையாக்க டிரம்மில் ஊட்டுவதுண்டு. பாட்டனார் வண்டி அச்சும், ஆகாய விமானமும், ஆம்பூர்ச் செருப்புத் தோலும் ஒரே கொட்டையின் நெய்யை உண்டு வளர்ந்தனவென்பது நமக்கு வேடிக்கையாகத் தோன்றுகின்றது.

எண்ணெயின் தரத்தைவிட அதன் அளவே முதற்கண் கவனிக்கத்தக்கது. சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் ஒருவர் தந்தையாரின் வண்டியைத் தடத்திற்குக் கொண்டுவந்தார். விலையுயர்ந்த எண்ணெயே ஊற்றியிருந்தார். ஆனால் அளவுக்கோலில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. நெடிய வளைவொன்றில் எண்ணெயழுத்த விளக்கு ஒரு கணம் மின்னி மறைந்தது. பல்புக்கோளாறென்று எண்ணி மேலும் இரண்டு சுற்று ஓட்டினார். மூன்றாவது சுற்றில் இயந்திரத்தினடியில் சம்மட்டியால் அடிப்பதுபோல் ஓசை கேட்டது. வளைவில் வண்டியைப் புறத்தே தள்ளும் விசை எண்ணெயையும் தொட்டியின் ஒரு பக்கத்திற்கு ஒதுக்கிவிட, உறிஞ்சு குழாய் காற்றைக் குடித்தது, பேரிங் பாழாயிற்று. வண்டி லாரிமேல் ஏறி வீடு வந்தது. தந்தையார் ஒரு வார்த்தையும் கடிந்து பேசாமையே மகனுக்குப் பெருந்தண்டனையாயிற்று என்று கேள்வி. அளவு மேற்கோட்டில் நிற்கவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் பார்க்கவேண்டும். அதற்காகக் கோட்டுக்கு மேலும் ஊற்றிவைப்போர் உண்டு. அளவு மிஞ்சினால் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்குப் படலமாகும் சக்தியில்லை. விளக்கு மின்னியதும் வேகத்தைக் குறைத்து வெளியேறுக. விளக்கு பொய் சொல்லிற்றென்று பிறகு தெரிந்தால் அதனால் நட்டமொன்றும் இல்லை.

இனி மாற்றும் காலம். பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை என்று புத்தகம் சொல்லலாம். தடத்தில் இருபது நிமிஷம் ஓட்டினால் சாதாரண வண்டிக்கு எட்டொன்பது சுற்று, முப்பது கி.மீ. சொச்சம். ஒரு நாளில் நான்கு ஓட்டமென்றால் 120 கி.மீ. மட்டும் ஏறும். இக்கணக்கை நம்பினால் எண்பது நாள் தடத்தில் ஓட்டியபின் எண்ணெய் மாற்றலாமென்று முடியும். இயந்திரம் அத்தனை நாள் காத்திராது. சரி, சூட்டை அளவாகக் கொள்வோம். பத்து டிகிரி உயர, எண்ணெய் காற்றோடு கூடிக் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ரசாயன நூலாரின் தோராய விதி. 100 டிகிரியினின்றும் 130-க்கு ஏறினால் எட்டு மடங்கு. ஆகவே தடத்தின் எண்பது நிமிஷம், நெடுஞ்சாலையின் பத்துப் பதினொரு மணி நேரத்திற்கு, அதாவது எண்ணூறு கி.மீ. ஓட்டத்திற்கு ஈடாகின்றது. இக்கணக்கு மறதிக்காரரை மட்டுமன்றி, நாள்தோறும் மாற்றும் அச்சக்காரரையும் சேர்த்தே கண்டிக்கின்றது. ஒரு நாள் ஓட்டத்தில் எண்ணெய் முற்றும் கெட்டுவிடுவதில்லை. சங்கிலி அறுதலையும், எரியாத பெட்ரோல் கசிந்து கலத்தலையும் சேர்த்து எண்ணினாலும், குளிர்விப்பு ஒழுங்காயுள்ள வண்டிக்கு இரண்டு மூன்று தடநாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதுமென்பதே எம் தீர்மானம். எண்ணெய் 140 டிகிரியைத் தாண்டினதாகக் கருவி காட்டினாலோ, அளவுக்கோலில் பெட்ரோல் நாற்றம் வீசினாலோ, நாளெண்ணாமல் மாற்றுக. நிறம் கறுத்தமைபற்றி அஞ்சவேண்டா; அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். ஐயமுடையோர் ஆய்வகத்திற்குச் சிறு குப்பியில் அனுப்பி, இரும்பு, செம்பு, ஈயம் எத்துணை கலந்துள்ளன என்றறியலாம். அல்லது கழற்றிய பில்டரை அறுத்துக் காகித மடிப்பை விரித்து, மினுமினுக்கும் பொடி உண்டா என்று வெயிலிற் பார்க்கலாம்.

மாற்றும் முறை எவரும் அறிந்ததே. இளஞ்சூட்டில் வடிக்கவேண்டும், பில்டரையும் கூடவே மாற்றவேண்டும், வடிதிருகின் வாஷரைப் புதிதாக இடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையற்க; தாங்குகட்டை வைத்தபின்னரே நுழைக.

வடிந்த நாலு லிட்டர் எண்ணெய் எங்கே போகின்றது? சாக்கடையில் ஊற்றுவார் சிலர். கட்டட வேலைக்காரர் சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிச் செல்வர். கறையான் அரியாதிருக்கக் கதவு நிலைக்குத் தடவுவாரும் உளர். இவையெல்லாம் ஈற்றில் மண்ணுக்கும் நீருக்குமே சேரும். ஒருமுறை மாற்றிய எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லதென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனத்தார் எழுதுகின்றனர். பிற ஊரார்க்கு இஃதொரு புள்ளிவிவரம். நமக்கோ நம் கிணற்று வரலாறு. தோற்கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவையார் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோற்பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்குத் தகாததாயிற்றென்று அத்தீர்ப்பு குறித்தது. மாசு செய்தோரே ஈடுசெய்க என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று உரைத்தது. தோற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டமும் விதித்தது. அத்தொழிலின் ஊதியத்தாலேயே நம்மிற் பலர் கல்வி பயின்றோம், வண்டியும் வாங்கினோம். தோற்சாலைக்காரரை நோக்கிக் 'கழிவை ஏன் விட்டீர்' என்று மேடையேறிக் கேட்கும் மாணவர், தம் வீட்டுப் பின்புறத்தில் நாலு லிட்டர் கறுப்பெண்ணெயைக் குழிதோண்டி ஊற்றுவாராயின், அவர் வாதத்தை எவர் மதிப்பார்? 'அவர்கள் கொட்டியதன்முன் நம்முடையது எம்மாத்திரம்' என்னும் சமாதானமும் கேட்டிருக்கின்றோம். தொண்ணூறுகளுக்கு முன் சிறு தோற்சாலைக்காரரும் பெரியவற்றைச் சுட்டி இதையே சொல்லியிருப்பர்.

செய்யத்தக்கது கடினமன்று. பழைய எண்ணெய் அபாயகரமான கழிவென்று 2016-ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே அது சேர்தல் வேண்டும். எண்ணெய் விற்போரே பழைய எண்ணெயின் சேகரிப்புக்கும் பொறுப்பேற்க வேண்டுமென்னும் விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆனால் ஒரு மாணவன் கையில் தூக்கிவரும் நாலு லிட்டருக்காகச் சுத்திகரிப்பாளர் லாரி அனுப்பார். நம் தோற்சாலைகளிலோ டீசல் ஜெனரேட்டர்கள் உள்ளன. அவற்றின் பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்துக் கணக்கெழுதி ஒப்படைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஆகவே தோற்சாலை நடத்தும் நம் பழைய மாணவர்களை ஒன்று கேட்கின்றோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரிடம் முறைப்படி தெரிவித்து, கல்லூரிப் பௌதிகப் பகுதியின் பின்புறக் கொட்டகையில் வைக்கும் ஒரு பீப்பாயையும் உங்கள் கணக்கோடு சேர்த்துக்கொள்வீர்களா? மாணவர் தம் பழைய எண்ணெயைப் புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி, மூடி திருகி, தேதியும், சாலையில் ஓடிய கி.மீ.யும், தடத்தில் ஓடிய நிமிஷமும், கண்ட உயர்ந்த வெப்பமும் சீட்டெழுதி ஒட்டிக் கொணரட்டும். பெட்ரோல், பிரேக் திரவம், குளிர்நீர் ஆகியவற்றைக் கலவாமலிருத்தல் முக்கியம். கலந்தால் சுத்திகரிப்பாளர் பீப்பாயையே ஏற்கமாட்டார். அச்சீட்டுக்களை இரண்டாண்டு சேர்த்து வைத்தால், இரண்டு மூன்று தடநாள் என்று நாம் மேலே சொன்னது சரியோ தவறோ என்பதை ரசாயன வகுப்பு மாணவரே நம் வண்டிகளின் கணக்கைக்கொண்டு சோதித்துச் சொல்லக்கூடும். பீப்பாய் ஒன்று கிடைத்தால் வருகிற ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் தொடங்கலாம்.